ஒரே பெயரில் ஒரு மரம், ஒரு நத்தை

"ஊர்ப்பெயரெல்லாம் குழப்பம், அறிவியல் பெயரைச் சொல்லுங்கள். உலகம் முழுக்க ஓர் உயிருக்கு ஒரே பெயர்தான்" என்று அடித்துச் சொல்பவர்களிடம், ஃபைகஸ் வேரிகேட்டா என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

அது ஒரு மரம். ஆல், அரசு, அத்தி எல்லாம் இருக்கிற அதே ஃபைகஸ் பேரினம். நம் அத்தியைப் போலவே அடிமரத்தில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். ஜாவாவில் வேலை பார்த்த தாவரவியலாளர் புளூம் 1825-இல் வைத்த பெயர்.

அதே பெயரில் ஒரு கடல் நத்தையும் இருக்கிறது. மெல்லிய ஓடு, மேலெல்லாம் பழுப்புப் புள்ளிகள். ஒரு பக்கம் உருண்டு, மறுபக்கம் நீளமாகக் குறுகி, காம்போடு பறித்த அத்திப்பழம் போலவே இருக்கும். ஹாம்பர்க் மருத்துவர் போல்டன் சேர்த்து வைத்திருந்த சங்கு, சிப்பிகளை விற்க 1798-இல் அச்சிட்ட பட்டியலில் ரோடிங் இந்தப் பெயரை வைத்தார்.

நத்தைதான் மூத்தது. ஆனாலும் மரத்தின் பெயர் செல்லும். தாவரப் பெயருக்கு ஒரு விதிநூல், விலங்குப் பெயருக்கு வேறொன்று. ஒன்று மற்றதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் விலங்குகளுக்குள்ளேயே மோதினால் விடமாட்டார்கள். வாத்து போன்ற அலகுள்ள ஆஸ்திரேலியப் பாலூட்டியான பிளாட்டிபஸுக்கு விலங்கியலாளர் ஷா 1799-இல் வைத்த பேரினப் பெயரே பிளாட்டிபஸ்தான். அந்தப் பெயரை ஏற்கெனவே ஒரு வண்டு வைத்திருந்ததால் பிளாட்டிபஸின் பேரினம் ஆர்னித்தோரிங்கஸ் ஆனது. இன்னொரு வேடிக்கை: ஃபைகஸ் ஃபைகஸ் என்று ஒரு நத்தைக்குப் பெயர் உண்டு. நிஜ அத்தி மரம் எதற்கும் அப்படி வைக்க முடியாது. பேரினப் பெயரையே சிற்றினத்துக்கும் வைக்கத் தாவரவியல் விதி இடம் தராது.

இது ஒற்றைக் கேஸ் இல்லை. காஸியா பிரின்செப்ஸ் (Gaussia princeps) என்றால் கியூபாவின் சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் ஒரு பனை. கடலில் ஒளிவிடும் ஒரு குட்டிக் கணுக்காலியும் அதே பெயர்தான். அதன் ஒளிதரும் புரதத்தை ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். வெறும் பெயரைக் கொடுத்துக் கணினியில் தேடினால் பனையும் கணுக்காலியும் கலந்து வரத்தான் செய்யும்.

பழைய பெயர்களை மாற்றக் கிளம்ப வேண்டாம் என்பதே என் கட்சி. இருநூறு வருட நூல்களும், உலர்த்திய செடிகளை ஒட்டி வைத்த ஹெர்பேரியத் தாள்களும் அந்தப் பெயரில்தான் கிடக்கின்றன. ஆனால் இன்று புதுப் பேரினத்துக்குப் பெயர் வைப்பவருக்கு என்ன சாக்கு? தாவரப் பட்டியலையும் பார்த்துவிட்டு வையுங்கள் என்று விலங்கியல் விதிநூல் பரிந்துரையோடு நிறுத்திக்கொள்கிறது. அதைக் கட்டாயமாக்கலாம். அப்புறம், பாடநூல்களில் பெயருக்குப் பின்னால் அதை வைத்தவர் பெயராக 'புளூம்', 'ரோடிங்' என்று வருவதை வெட்டாமல் அச்சிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.