கொதிக்கும் லாரியில் வைத்தால் ஆணுறை எப்படித் தாங்கும்?

எச்.ஐ.வி. தடுப்புக்கு "ஆணுறை அணியுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது நான் படித்த ஒரு கட்டுரை. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். லாரி ஓட்டுநர்கள் அந்தப் பாக்கெட்டை எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? முன்கண்ணாடிக்குக் கீழே, சாமி படத்துக்குப் பின்னால், கொளுத்தும் வெயிலில்! மாதக்கணக்கில் வெந்த ரப்பர் கிழியாமல் என்ன செய்யும்? டியூப் ஒட்டுகிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் பட்டாலும் அதே கதிதான்.

கிழிந்துவிட்டால்? 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டிய எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை இருக்கிறது. உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் உள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குப் பேசலாம். கடைச் சுவரில் அந்த எண்ணைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.