பொறியாளர் எடுக்கும் முடிவும் இசை முடிவுதான்

டிஜிட்டல் இசைக்கருவி உருவாக்கும் இடங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. சென்சார், சர்க்யூட், நிரல் எல்லாவற்றையும் பொறியாளர்கள் முடித்துவிட்டு, கடைசியில் கலைஞரைக் கூப்பிட்டு "வாசிச்சுப் பாருங்க" என்பார்கள். இது அடிப்படையிலேயே தவறு என்பது என் கருத்து. இசையைத் தீர்மானிக்கிற முடிவுகள் அதற்குள் எடுத்தாகிவிட்டன.

தாமதத்தையே, அதாவது விரல் பட்டதற்கும் ஒலி வருவதற்கும் இடையிலான நேரத்தையே, எடுத்துக்கொள்ளுங்கள். கணினி ஒலியைச் சாம்பிள் என்ற சிறு துணுக்குகளாகக் கையாள்கிறது; அவற்றைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் இடம் பஃபர். நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால், 128 சாம்பிள் பஃபருக்கு 3 மில்லிநொடிகூட ஆகாது; 512 வைத்தால் 11.6 மில்லிநொடி. பஃபர் பெரிதானால் ஒலி அறுபடாது, நிரல் எழுதுபவருக்கு நிம்மதி. தாளம் வாசிப்பவருக்கோ விரல் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம். கணினி இசை ஆய்வாளர்கள் டேவிட் வெசலும் மாத்யூ ரைட்டும் 2002-லேயே எல்லை சொன்னார்கள்: தாமதம் 10 மில்லிநொடியைத் தாண்டக்கூடாது, அதன் ஏற்ற இறக்கம் 1 மில்லிநொடிக்குமேல் போகக்கூடாது. இரண்டாவதுதான் முக்கியம் என்பேன். மாறாத சிறு தாமதத்துக்குக் கை பழகிக்கொள்ளும். ஒவ்வொரு தட்டுக்கும் வேறு வேறு என்றால் எந்தக் கையும் பழகாது.

அடுத்து மேப்பிங், அதாவது எந்த அசைவு ஒலியில் எதை மாற்றும் என்பது. ஒரு ஸ்லைடருக்கு ஒலி அளவு, இன்னொன்றுக்குச் சுருதி என்று பிரித்துக் கொடுப்பது நிரலில் சுத்தமாக இருக்கும். வாசிக்க உட்கார்ந்தால் சீக்கிரம் சலித்துவிடும். வயலினில் வில்லின் வேகம், அழுத்தம், அது தந்தியில் படும் இடம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. வேகம் போதாமல் அழுத்தினால் கரகரக்கும். அந்தச் சிக்கலுக்குள்தான் ஒருவர் ஆண்டுக்கணக்கில் வளர்கிறார்.

1983-ல் வந்த மிடி (மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொதுமொழி), சுருதி வளைவை முழுச் சேனலுக்கும், அதாவது ஒரே தடத்தில் செல்லும் எல்லாச் சுரங்களுக்கும், பொதுவாக வைத்தது. ஒரே சேனலில் மூன்று சுரங்களைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் குழைக்க வழியில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தருகிற எம்பிஇ என்ற மிடி விரிவாக்கம், முறையான தரமாக ஏற்கப்பட 2018 ஆனது. சாவிப்பலகையை மனதில் வைத்து எடுத்த ஒரு பொறியியல் முடிவு, இத்தனை ஆண்டுகள் இசையின் கையைக் கட்டிப்போட்டது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. தெரமின் என்பது தொடாமல், காற்றில் கைகளை அசைத்து வாசிக்கும் மின்னணுக் கருவி; ஒரு கை சுருதிக்கு, மற்றது ஒலி அளவுக்கு. அதை வாசித்த கிளாரா ராக்மோர் கேட்டதற்காக, அதை உருவாக்கிய லியோன் தெரமின் அதன் சுர வீச்சை மூன்று ஆக்டேவிலிருந்து ஐந்தாக்கினார். ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் கைக்கு இன்னும் வேகமாகப் பதில் சொல்லும்படி மாற்றினார். அதன்பிறகே சுரங்களைத் தனித்தனியாக வெட்டி வாசிக்க ராக்மோரால் முடிந்தது.

ஆகவே, வாசிப்பவரை முதல் மாதத்திலேயே சம்பளத்தோடு குழுவில் சேருங்கள். மேப்பிங் ஒருமுறை அமைந்துவிட்டால், ஒவ்வொரு அப்டேட்டிலும் அதில் கைவைக்காதீர்கள். அதை நம்பித்தான் ஒருவர் தினமும் சாதகம் செய்துகொண்டிருக்கிறார்.