ஒரே பெயரில் நாலு பாமினி

ஆடி வந்தால் சேலம் முழுக்க ஃப்ளெக்ஸ். கோட்டை மாரியம்மன் பண்டிகை பேனர், அவசரம் என்று டிசைன் ஃபைலோடு பென்டிரைவ் வரும். திறந்தால் அம்மன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பழைய ஃபான்ட் பாமினி; அது இல்லாத கம்ப்யூட்டரில் பாமினித் தமிழ் அப்படித்தான் பல்லிளிக்கும். டிசைன் செய்யும் கோரல்டிராவில் எழுத்தைக் கர்வ் ஆக்க, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக்க, கன்ட்ரோல் கியூ, ஒரே தட்டு. அனுப்புகிறவருக்கு அதற்குக்கூடவா விரல் வலிக்கிறது?

சரி, ஃபான்ட்டும் வந்தது. ஏற்கெனவே அதே பெயரில் வேறொரு வெர்ஷன் உட்கார்ந்திருக்கும். ஃபைல் பெயர் வேறு, உள்ளே பெயர் ஒன்று. எழுத்தின் அகலம் மயிரிழை மாறினாலும் வரி உடைந்து, உபயதாரரின் இனிஷியல் மேலே, பெயர் கீழே. மனுஷன் சும்மா விடுவாரா? பழையதை நீக்கப் போனால், 'பயன்பாட்டில் உள்ளது' என்று விண்டோஸ் முறைக்கும். கோரலை மூடு, ஃபான்ட்டைப் பிடித்து வைத்திருக்கும் விண்டோஸின் ஃபான்ட் கேஷ் சர்வீஸை நிறுத்து, நீக்கு, ரீஸ்டார்ட் செய். அதற்குள் கரன்ட் போகும், அது தனிக் கதை.

விண்டோஸ் 10-இல் 1809 வெர்ஷனிலிருந்து இன்னொரு கூத்து. சும்மா 'இன்ஸ்டால்' அமுக்கினால் அந்த யூசருக்கு மட்டும்தான் ஃபான்ட். சில பழைய சாஃப்ட்வேர் கண்ணில் அது படவே படாது. 2023-இல் அடோபி வேறு டைப் 1 என்ற பழைய வகை ஃபான்ட்டுகளைக் கைகழுவிவிட்டது. பீரோ நிறைய இருக்கும் அந்தப் பழைய சீடிகளை என்ன செய்ய, கொலுவில் அடுக்கவா?