ஸ்பர்ஜனை விட்டுவிடுங்கள், பிரதர்

அந்த கிறிஸ்தவ கன்வென்ஷன் பிரசங்க வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு ஃபார்வர்டு செய்ய வேண்டாம். பார்த்தாகிவிட்டது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதனால் யார், எந்த ஊர் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. "மாத்திரை போட்டுத் தூங்குகிறவனுக்கு விசுவாசம் எங்கே? ஸ்பர்ஜன் டிப்ரஷன் என்று படுத்தாரா?" என்று மேடையில் பேசிய பிரதர் கேட்டாரே, கூட்டமும் அல்லேலூயா போட்டதே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன். ஸ்பர்ஜன் யார் என்று தெரியாதவர்களுக்கு: பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் பேர்போன பாப்டிஸ்ட் பிரசங்கி.

படுத்தார் பிரதர். பல முறை படுத்தார். அதை மறைக்கவும் இல்லை. எனக்கு வருகிற மனச்சோர்வின் ஆழத்துக்கு உங்களில் ஒருவரும் போய்விடக் கூடாது என்று பிரசங்க மேடையில் நின்றே சபையாரிடம் சொன்னவர் அவர்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பிறந்த கிராமத்துப் பையன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. 1854-இல் லண்டன் நியூ பார்க் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் சபைக்குப் போதகராக வந்தபோது வயது 19. கூட்டம் கட்டடத்தில் அடங்கவில்லை, சர்ரே கார்டன்ஸ் மியூசிக் ஹாலை வாடகைக்கு எடுத்தார்கள். 1856 அக்டோபர் 19, ஞாயிறு மாலை. உள்ளே சுமார் பத்தாயிரம் பேர். யாரோ "நெருப்பு" என்று கத்தினார்கள். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் நெரிசலில் 7 பேர் செத்தார்கள். அவருக்கு அப்போது 22 வயது, வீட்டில் பிறந்து ஒரு மாதமே ஆன இரட்டைக் குழந்தைகள். பத்திரிகைகள் அவரைப் பிடித்துக் கிழித்தன. பைபிளைப் பார்த்தாலே கண்ணீர் கொட்டியது என்று பிறகு அவரே எழுதினார். பைபிளைப் பார்த்து அழுத அந்த மனிதரைத்தான் நம் பிரதர் மனக்கவலையே தெரியாத இரும்பு மனிதராக்கி மேடையில் நிறுத்தியிருக்கிறார்.

அப்புறம் 1861-இல் அவர் சபையின் பெரிய ஆலயமான மெட்ரோபாலிட்டன் டேபர்னக்கிள் திறந்தது, போதகர் கல்லூரி, அனாதை இல்லம், வாரா வாரம் அச்சில் வந்த பிரசங்கங்கள். அதெல்லாம் பிரதருக்கும் தெரியும், அதை மட்டும்தான் தெரியும்.

போதகர் கல்லூரி மாணவர்களுக்கு அவர் பாடம் எடுத்தாரே, அதில் ஊழியர்களுக்கு வரும் மனச்சோர்வுக்கென்றே ஒரு முழு விரிவுரை இருக்கிறது. சோர்ந்தவனைத் திட்டுகிற விரிவுரை இல்லை அது. அடைந்த அறையில் உட்கார்ந்து ஓயாமல் படித்தால் மனம் கெடும், வெளியே போ, கடற்காற்று வாங்கு, காற்றை எதிர்த்து நட என்கிறார். அது ஆத்துமாவுக்குக் கிருபை தராது, உடம்புக்கு ஆக்ஸிஜன் தரும், அதற்கு அடுத்தபடி நல்லது அதுதான் என்கிறார். பிரசங்கிகளின் இளவரசர் என்று நாம் தூக்கிக் கொண்டாடுகிறவர் சொன்னது இது. ஆக்ஸிஜன்!

என் அக்கா விஷயத்தை எழுதலாமா என்று யோசித்தேன். அவளே எழுதச் சொன்னாள். முதல் பிரசவத்துக்குப் பிறகு அவள் குழந்தையைத் தூக்கவே பயந்தாள், சாப்பிடவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர் (பெயர் வேண்டாம், இறந்துவிட்டார்) மாத்திரையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இயேசுவா, இதுவா? ஒன்றைத் தேர்ந்துகொள் மகளே" என்றார். அம்மா உட்பட யாரும் வாய் திறக்கவில்லை. அக்கா எல்லார் முன்னும் மாத்திரையை நிறுத்தினாள். பிறகு தானாகவே திரும்ப ஆரம்பித்திருக்கிறாள், நாங்கள் யாரும் அறியாமல். பைபிள் கவரின் ஜிப்புக்குள் அட்டையை மடித்து வைத்திருந்தாள். ஒரு நாள் ஆராதனையில் வசனம் எடுக்கும்போது கீழே விழுந்தது. பக்கத்தில் இருந்த அத்தை பார்த்த பார்வையை அவள் இன்றைக்கும் சொல்லுவாள். திருடியவள் போல நின்றாளாம்.

அதே வீட்டில்தான் அப்பா தினமும் காலையில் ஸ்பர்ஜனின் தியானப் புத்தகத்தை ஆங்கிலத்தில் வாசித்து எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று 1860-களில் அவர் எழுதியவை. எழுதியவரும் அக்காவைப் போல அழுதவர்தான் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சரி, கமெண்டில் என்ன வரும் என்று தெரியும். "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே." நான் யாரையும் தொடவில்லை. அவர் மைக்கில் சொன்னதைத் தொடுகிறேன்.

"அவருக்கு உடம்புதான் சரியில்லை, மனசு இல்லை." கௌட் என்ற மூட்டு வலி நோய் இருந்தது, சிறுநீரகக் கோளாறு இருந்தது, உண்மை. வலி மனதை இழுத்துக்கொண்டு போனது என்பதும் உண்மை. ஆனால் காரணமே புரியாமல் வருகிற சோர்வைப் பற்றியும் அவர் அதே விரிவுரையில் பேசுகிறார். வாசித்துவிட்டு வாருங்கள்.

"அந்தக் காலத்தில் ஏது மாத்திரை? ஜெபத்தில்தான் ஜெயித்தார்." ஜெபித்தார், மறுக்கவில்லை. கூடவே குளிர்காலம் வந்தால் லண்டனை விட்டு தெற்கு பிரான்ஸின் மெந்தோனுக்குப் போய் ஓய்வெடுத்தார். விசுவாசம் இருந்தால் லண்டன் பனியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே? மனைவி சுசன்னா வருடக்கணக்கில் நோயாளி, பல காலம் கணவரின் பிரசங்கம் கேட்க ஆலயத்துக்குக்கூட வர முடியவில்லை. வீட்டில் இருந்தபடியே 1875-இல் ஏழைப் போதகர்களுக்குப் புத்தகம் அனுப்பும் நிதியைத் தொடங்கினார். இரண்டு பேருமே ஜெபித்தவர்கள்தான். இரண்டு பேருமே சுகமாகவில்லை. இதற்கு எந்த பிரதர் மேடையில் பதில் சொல்லப் போகிறார்?

"அவர் சுருட்டு பிடித்தவர்தானே" என்று வருகிறவர்களுக்கு, ஆமாம், பிடித்தார். அதற்கு என்ன இப்போது?

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. அவரை வாட்டியதில் ஊழியக்காரர்களுக்கும் பங்கு உண்டு. 1887-இல், சபைகளில் உபதேசம் சறுக்குகிறது என்று எழுதியதால் கிளம்பிய சண்டையில், அவர் பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பான பாப்டிஸ்ட் யூனியனை விட்டு விலகினார். அடுத்த ஜனவரியில் யூனியன் கவுன்சில் அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அவர் கல்லூரியில் படித்த பிள்ளைகளிலேயே சிலர் எதிர்ப்பக்கம் நின்றார்கள். 1892 ஜனவரி 31-இல் மெந்தோனில் இறந்தபோது வயது 57. அவர் சொன்ன உபதேசம் சரியா தவறா என்று நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோது கூட நிற்க ஆளில்லை. இப்போது மட்டும் சூரிய உதயப் படத்தில் அவர் பெயரைப் போட்டு, அவர் சொன்னதையும் சொல்லாததையும் எழுதி, காலை ஐந்து மணிக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். மாத்திரை சாப்பிடுகிறவளை அடிக்கவும் அவர்தான் நமக்குக் கம்பு.

கமெண்டில் ஸ்பர்ஜன் மேற்கோளோடு வருகிறவர்கள் எந்தப் பிரசங்கம், எந்த வருடம் என்று சேர்த்துப் போடவும். அச்சான பிரசங்கங்கள் மட்டும் 63 தொகுதிகள் இருக்கின்றன, தேடிப் பார்க்க முடியும். படத்தை மட்டும் போட்டால் அழித்துவிடுவேன். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக எழுதினால் பிளாக்.