செருகினால் பொருந்துகிறது, படம்தான் வரவில்லை

நேற்று மாலைக் கூட்டத்தில், எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, கையடக்கத் திரையை மடிக்கணினிக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேபிளைச் செருகினேன். ‘நோ சிக்னல்’ என்று காட்டிவிட்டுத் திரை இருண்டது. கேபிளை உருவித் திருப்பிச் செருகினேன், நோ சிக்னல். மடிக்கணினியின் அடுத்த துளைக்கு மாற்றினேன்; நோ சிக்னல். திரையில் இருக்கும் இரண்டு டைப் சி துளைகளில் ஒன்று மின்சாரத்துக்கு மட்டுமானது, அதையும் கறுப்பின் மேல் கறுப்பாகப் பொறித்திருக்கிறார்கள் என்பதால், கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்துத் துளையை மாற்றினேன், நோ சிக்னல். மடிக்கணினியை அணைத்து மீண்டும் போட்டேன். பக்கத்தில் இருந்தவர் தன் கேபிளைக் கொடுத்தார். அதிலும் நோ சிக்னல். கடைசியில் பையின் அடியில் கிடந்த, பெட்டியோடு வந்த கேபிளைச் செருகியதும் படம் வந்தது. அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது, மூவர் எழுந்து போய்விட்டார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். தெரிவதால்தான் கோபம் இன்னும் ஏறுகிறது. கைப்பேசியோடு வரும் டைப் சி கேபிள்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2.0 தரத்தவை, மின்சாரத்தையும், நொடிக்கு 480 மெகாபிட் வரை தரவையும் கடத்துமே தவிர, படத்தைக் கொண்டுபோகும் அதிவேகக் கம்பிகள் அவற்றுக்குள் இல்லவே இல்லை. சரியான கேபிள் இருந்தாலும், மடிக்கணினியின் துளை, டைப் சி வழியே படம் அனுப்பும் முறையான டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடை ஏற்காவிட்டால் அதுவும் வீண். நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கன்சோலிலும் டைப் சி துளைதான் இருக்கிறது, ஆனால் அது எல்லா வெளித்திரைகளுக்கும் நேரடியாகப் படம் அனுப்பாது. இவ்வளவு நிபந்தனைகளை வைத்துக்கொண்டு, பெட்டியின் மேல் மட்டும் லேப்டாப், மொபைல், கேம் கன்சோல் என மூன்று படங்களைப் போட்டு, எல்லாவற்றிலும் வேலை செய்யும் என்று எழுதுவதற்கு எப்படி மனம் வருகிறது?

அதே பெட்டியில் எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் திரை, என்றும் எழுதியிருக்கிறது. திரையின் வெளிச்சமோ, அதை அளக்கும் அலகில், 250 நிட்ஸ். திரைகளுக்குத் தரம் வகுக்கும் வெசா அமைப்பின் டிஸ்ப்ளேஎச்டிஆர் சான்றில் மிகக் கீழான படியே 400. பகலில் ஜன்னலருகே வைத்தால் எழுத்துக்குப் பதில் என் முகம்தான் தெரிகிறது.

டைப் சி வந்தது 2014இல். இத்தனை ஆண்டுகளில், இந்தக் கேபிள் படம் கடத்தும், இது கடத்தாது என்று கண்ணுக்குத் தெரியும்படி ஒரு குறியைக் கட்டாயமாக்க யாராலும் முடியவில்லை. சேவை எண்ணை அழைத்தால், கேபிளைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் அணைத்துப் போடுங்கள் என்று மூன்று முறை சொல்கிறார்கள்.

இன்று காலை, மாற்றுக் கேபிள் ஒன்று கையில் இருக்கட்டும் என்று கடைக்குப் போய், இது படத்தைக் கடத்துமா என்று கேட்டேன். கடைக்காரர் உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “டைப் சி எல்லாம் ஒண்ணுதான் சார், ஃபாஸ்ட் சார்ஜிங் ஆகும்” என்றார்.