காலி மனையும் எவர்சில்வர் சொம்பும்

(பினாங்கு, ஜார்ஜ் டவுன், லிட்டில் இந்தியா. செல்வி அக்கா பூக்கடையில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருக்கிறார். எதிர்க்கடை முடிதிருத்துநர் மணியம் ஒரு தாளோடு வருகிறார். கடையில் ஆள் இல்லாதபோதுதான் அவருக்கு ஊர்க் கவலை வரும்.)

மணியம்: அக்கா, பக்கத்துக் காலி மனையில் என்ன கட்டலாம் என்று முனிசிபல் யோசிக்கிறதாம். கருத்துக் கேட்டுத் தாள் கொடுத்திருக்கிறார்கள்.

செல்வி: காலி மனையா? என் வேன் நிற்கிறது, உன் மோட்டார் சைக்கிள் நிற்கிறது, ரொட்டி சானாய் கடை மேசை பாதி அங்கேதான் கிடக்கிறது. அதில் எங்கே இடம் காலி?

மணியம்: தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது. முதல் யோசனை, ஹோட்டல்.

செல்வி: குளிக்கிற தொட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பார்களே, அந்த மாதிரியா?

மணியம்: அதெல்லாம் எழுதவில்லை. ஆனால் உயரமாகக் கட்ட முடியாது. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த வட்டாரம் இல்லையா? 18 மீட்டர்தான் எல்லை.

செல்வி: (அண்ணாந்து பார்த்து) அப்போ அது என்ன?

மணியம்: கொம்தார் கோபுரக் கட்டடம். அது வட்டாரத்துக்கு வெளியே. அத்தனை மாடியும் நம் கண்ணுக்குத் தெரியும், சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது.

செல்வி: ஹோட்டல் வந்தால் கடை வாடகை ஏறும், தம்பி. 2000-இல் வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்தபோது பட்டது போதாதா? அடுத்தது சொல்லு.

மணியம்: பல மாடிக் கார் நிறுத்துமிடம்.

செல்வி: அட, நல்ல யோசனை! யார் சொன்னது? அவருக்கு ஒரு மாலை போடலாம்.

மணியம்: மணிக்கு இவ்வளவு என்று கட்டணம்.

செல்வி: மாலையை எடுத்துவிடு.

மணியம்: மூன்றாவது, பூங்கா. மரம், பெஞ்சு...

செல்வி: மரத்தடியில் வேன் நிறுத்தலாமா?

மணியம்: நிறுத்தினால் இழுத்துக்கொண்டு போவார்கள்.

செல்வி: மூன்றும் வேண்டாம். நம் வட்டார முனிசிபல் உறுப்பினரிடம் போய்ச் சொல்லு. ஓட்டு வேண்டுமென்றால் கேட்கத்தானே வேண்டும்?

மணியம்: எந்த ஓட்டு? 1951-இலேயே இந்த ஊரில் முனிசிபல் தேர்தல் நடந்ததாம். 1965-இல் நிறுத்தினார்கள், நிறுத்தியதுதான். இப்போது எல்லாம் நியமனம்.

செல்வி: என்னப்பா இது, கோயில் கமிட்டிக்குக்கூட அடித்துக்கொண்டு ஓட்டுப் போடுகிறோம்!

மணியம்: (குரலைத் தாழ்த்தி) என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது. சியா போய் ஞாபகம் இருக்கிறதா? பழைய பிராங்கின் மார்க்கெட்.

செல்வி: அங்கே எல்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷன் வரப்போகிறது என்றார்களே.

மணியம்: வரத்தான் இருந்தது. தோண்டினார்கள், பழைய பிராங்கின் கால்வாய் வந்தது. ஸ்டேஷன் போச்சு, 2019-இல் தொல்லியல் பூங்காவாகத் திறந்தார்கள். அதனால் நாமும் ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய சாமான் ஒன்றைப் புதைத்துவிட்டால்?

செல்வி: என் வீட்டில் பழைய சொம்பு இருக்கிறது. நல்லா நசுங்கியது.

மணியம்: அருமை! பித்தளையா?

செல்வி: எவர்சில்வர்.

மணியம்: ...பரவாயில்லை, சேறு பூசலாம்.

செல்வி: கழுத்தில் பேர் வெட்டியிருக்குமே. "அன்பளிப்பு: தாய்மாமன் கோவிந்தசாமி, பட்டர்வொர்த், 1987."

மணியம்: அக்கா! ஆராய்ச்சிக்காரர் நேரே உங்கள் கல்யாண ஆல்பத்துக்கு வந்து நிற்பார்.

செல்வி: ஏன், தோண்டினால் மாமா கிடைத்தார் என்று பூங்கா கட்டட்டுமே! அவர் செய்த சீருக்கு அதுவாவது நடக்கட்டும்.

மணியம்: சீர் கதை அப்புறம். தாளில் கடைசியாக "வேறு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. என்ன எழுத?

செல்வி: "இருக்கிறபடியே விடவும். மழைக்கு ஒரு கூரை மட்டும் போட்டால் போதும்." கோடும் போடச் சொல்லு, ரொட்டி சானாய் மேசை என் வேன் பக்கம் நகர்ந்துகொண்டே வருகிறது.

மணியம்: எழுதியாச்சு. பேர், ஐ.சி. அடையாள அட்டை எண், கையெழுத்து. போடுங்கள்.

செல்வி: நானா? என் பேரில் வண்டிச் சம்மன் பாக்கி இருக்கிறது. நீ போடு.

மணியம்: எனக்கு உங்களைவிட அதிகம் பாக்கி.

(இருவரும் தாளைப் பார்க்கிறார்கள்.)

செல்வி: கோவிந்தசாமி மாமா பேரைப் போடு. அவருக்குச் சம்மனே கிடையாது, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மனுஷன்.

மணியம்: ஐ.சி. எண்?

செல்வி: அதைச் சொம்பில் வெட்டவில்லையே!