எல்லாருக்கும் மன்னிப்பு கிடைக்கல

அண்ணா, தென்னாபிரிக்காவுல நிறவெறி ஆட்சிக் காலக் குற்றங்கள விசாரிச்ச உண்மை ஆணைக்குழு, குற்றம் செஞ்ச எல்லாரையும் மன்னிச்சு விட்டுதுனு போட்டிருக்கீங்க, நிறைய பேர் ஷெயார் பண்றாங்க, ஆனா அது சரியில்ல. 2000 நவம்பர் வரைக்குமான கணக்குப்படி மன்னிப்புக்கு விண்ணப்பிச்சது 7,112 பேர், கிடைச்சது 849 பேருக்குத்தான். அரசியல் காரணம் இருக்கணும், செஞ்சத ஒளிக்காம முழுசா சொல்லணும், 1995 சட்டம் அப்படி. நிறவெறிய எதிர்த்துப் போராடி, பொலிஸ் காவல்ல அடிபட்டு செத்துப்போன ஸ்டீவ் பீகோவ அடைச்சு வச்சு விசாரிச்ச பொலிஸ்காரங்க தள்ளுமுள்ளுல தற்செயலா தலையில அடிபட்டுதுனு சொன்னாங்க, ஆணைக்குழுவோட மன்னிப்புக் கமிட்டி அத நம்பல, 1999ல மன்னிப்பு மறுத்துட்டாங்க. மறுத்த பிறகும் பெரும்பாலான கேஸ் கோர்ட்டுக்கே போகல, அது பெரிய அநியாயம்தான், ஆனா அது அரசாங்கம் வழக்கு போடாம விட்டது, ஆணைக்குழு குடுத்த மன்னிப்பு இல்ல. அந்த நாட்டு நீதித் திணைக்கள வெப்சைட்ல தீர்ப்புகள் இருக்கு, பீகோ பேர தேடி நீங்களே வாசிச்சுப் பாருங்க.